மீதிப் பிழை

பழைய படத்தை இன்றைய பூமியின் மேல்
ஒட்டவைப்பது என் வேலை.
ஆட்சியர் அலுவலகத்தின் பின்கட்டில்,
மின்விசிறி மூன்றில் வைத்தால் மட்டும் சுற்றும் அறை.
துணியில் ஒட்டிய தாள். ஒரு மூலையை
ராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது,
வரைந்தவன் பெயரும் ஆண்டும் இருந்த மூலை.
பூச்சிக்கு ருசித்தது பசையா பெயரா, தெரியவில்லை.

திரையில் நான்கு ஆணி அடிக்க வேண்டும்.
அன்றும் இன்றும் அசையாத நான்கு இடம்.
கோட்டை மதில் உதவாது, போய்விட்டது.
திருமணிமுத்தாற்றின் வளைவு
அன்று ஓடிய இடத்திலேயே இன்று நாறுகிறது: ஒன்று.
ஏரிக்கரையின் முடக்கு. நாமமலை உச்சி.
நான்காவது, சேர்வராயன் மலை விளிம்பில்
மூக்கு நீட்டிய ஒரு பாறை.

தாள் ஒருமுறை நெளிந்து படுத்தது.
தெற்குச் சரிவு அப்படியே பொருந்தியது,
மடிப்புக்கு மடிப்பு,
ஐப்பசியில் மட்டும் வெள்ளைக் கோடாய் இறங்கும் ஓடைகூட.
வடக்கு பொருந்தவில்லை.
அங்கே மலையே இல்லை. மலை என்பதற்கான கீறல்கள்,
கம்பளிப்பூச்சிகளாய்,
ஒரே நீளம், ஒரே சாய்வு, சோம்பல்.

இவன் ஏறவே இல்லை.
இந்தப் படம்
மலை எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.
இவன் எங்கே நின்றான் என்று சொல்கிறது.

சரியாய் இருந்த மடிப்புகளிலிருந்து
பின்னோக்கிக் கோடு இழுத்தேன்.
பதினோரு கோட்டில் ஒன்பது
கன்னங்குறிச்சியில் ஒரே இடத்தில் முட்டின.

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
அவன் நின்ற இடத்தில் செங்கோடன் என்பவர்
இரும்பு கேட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.
எதிரே நான்கு மாடி. மலை தெரியாது.
மேலே போய்ப் பார்க்கலாமா என்றேன்.
கையிலிருந்த தாளைப் பார்த்தார்.
“ரோடு அகலப்படுத்தவா மேடம்?”
இல்லை என்றேன். நம்பாமல் சாவியைத் தந்தார்.

மொட்டை மாடியில்
படத்தில் இல்லாத ஒரு முகடு
பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.
படிக்கட்டுப் பாதியில் ஒரு சன்னல், இரு கட்டடத்துக்கு நடுவே.
அங்கே இறங்கியதும் முகடு மறைந்தது.
அவன் தரையில் நின்றவன். குதிரைமேல்கூட இல்லை.

ஆனால் வடக்கே
அந்தக் கம்பளிப்பூச்சிகளுக்கு இடையில்
ஒரே ஒரு ஊர்ப் பெயர்.
அந்நிய எழுத்தில் சூண்டகாட்.
சுண்டக்காடு.
இங்கிருந்து எந்தக் கண்ணுக்கும் எட்டாத இடம்.
ஆக, யாரோ சொல்லியிருக்கிறார்.
திசையில் ஒரு பாகை பிசகில்லை.
கை நீட்டிக் காட்டியிருக்க வேண்டும்.
தூரம்தான் தப்பு. ஏழரை கிலோமீட்டர் தள்ளி,
மலையைத் தாண்டி உருண்டு
சமவெளியில் கிடக்கிறது ஊர்.

எவ்வளவு தூரம் என்று கேட்டிருப்பான்.
விடிய நடந்தால் உச்சிப்பொழுது, என்றிருப்பார் அவர்,
தலைமூட்டையை இறக்காமலே.
இவன் பொழுதை மைலாக்கினான்,
தரையில் நடக்கும் கணக்கில்.
செங்குத்தாய் ஏறிய மூச்செல்லாம்
தாளில் படுக்கைவாட்டில் நீண்டுவிட்டது.

திங்கட்கிழமை.
மென்பொருள் மீதிப் பிழை எவ்வளவு என்கிறது.
ஏழரை.
இந்தப் புள்ளியை நீக்கிவிடவா என்றும் கேட்கிறது,
நீக்கினால் படம் சுருக்கமில்லாமல் படியும்.
“ஏழரையை எதுக்குடி இழுத்துக்கிட்டு இருக்கே, நீக்கு,”
என்கிறாள் ஜெயசித்ரா, சாப்பாட்டு டப்பாவுடன்.

நான் வகுத்துக்கொண்டிருக்கிறேன்.
ஏற்றத்துக்கு இவ்வளவு. பாரத்துக்கு இவ்வளவு.
ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனிந்ததற்குக் கொஞ்சம்.
எப்படிப் போட்டாலும்
ஒரு கால் மைல் மீதம் நிற்கிறது.
வழியில் எங்கோ உட்கார்ந்திருக்கிறார்.